உலகம்மை என்கிற சுனை

உலகம்மை ஊரை விட்டுப் போவதற்காக நான்கு சேலைகளையும் ஒரு சோப்பு டப்பாவையும் மஞ்சள் பையில் எடுத்து வைத்த வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், முந்தின சாயங்காலம் அவள் பீடியிலை நனையப் போட்டிருந்த அலுமினியச் சட்டியில் பதினொரு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவள் எண்ணிப் பார்த்தாள். இலையை எடுத்து உதறி வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். பதினொன்றுதான். ஒவ்வொன்றும் ஒரு பீடி நீளம், நனைந்த இலையின் நிறம், வாலுக்குச் சற்று முன்னால் பீடிக்குச் சுற்றுகிற ரோஸ் நூல் போல ஒரு கோடு. கருத்தப்பேரியில் சின்ன வயதிலேயே பீடி சுற்றுகிற முறத்தை மடியில் ஏந்திய எந்தப் பெண்ணும் அதைப் பார்த்திருந்தால், சுற்றின பீடிக்கு உயிர் வந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பாள். உலகம்மையோ, தலைக்கு மேல் வேலை கிடக்கிற நேரத்தில் இது வேறயா என்று அலுத்துக்கொண்டு, கடைசிக் கட்டு இலையை வெட்ட உட்கார்ந்தாள்.

அவள் போக இருந்தது ராஜபாளையத்துக்கு, தங்கை வடிவிடம். அம்மா கண்ணை மூடியபோது வடிவுக்கு மூன்று வயது, உலகம்மைக்குப் பதினாறு. அன்றிலிருந்து பீடி சுற்றிச் சோறு போட்டுத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதில், தனக்கு ஒரு கல்யாணம் ஆகவேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது, ஊரும் வசதியாக அதை மறந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போட வந்த செல்வின், கொடை முடிந்து குழாய்களை இறக்கிக்கொண்டு போகும்போது வடிவையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் வேறு சாதி. ஊர் கூடி, இனி அவர்கள் இருவரும் கருத்தப்பேரி மண்ணை மிதிக்கக்கூடாது என்று முடிவு சொன்னது. முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறவேண்டிய பெண் நான்காம் மாதத்து வாந்தியோடு ஒற்றை அறையில் கிடந்து போனில் அழுதாள். அவள் இங்கே வரமுடியாது என்றால் நான் அங்கே போகிறேன், போனால் திரும்புவதில்லை என்று உலகம்மை மனசுக்குள் முடித்துக்கொண்டுதான் பையை எடுத்திருந்தாள்.

மீன்சட்டியைப் பக்கத்து வீட்டு ஆவுடை மதினியிடம் கொடுத்து, குளத்தில் விட்டுவிடச் சொல்லிவிட்டு, ஒன்பதரை பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஊர் வளைவைத் தாண்டி, கல்பாலத்தைத் தாண்டி, இன்னும் முப்பது அடி போயிருக்கும். பின்னாலேயே ஆவுடையின் மகள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து பஸ்ஸை மறித்தாள். மீனெல்லாம் ஒருச்சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதாம். உலகம்மை இறங்கி வந்தாள். அவள் வர வர மீன்கள் நிமிர்ந்துகொண்டே வந்தன என்று ஆவுடை மதினி, பால் பொங்கிவிட்டது என்பதைச் சொல்கிற குரலில் சொன்னாள். தற்செயல் என்று உலகம்மை அடுத்த பஸ்ஸில் ஏறினாள், அதுவும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவது பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது, அதற்குள் சேதி தெரிந்துவிட்ட கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"யக்கா, எறங்கிருங்க. மீன் பாவம்லா."

மஞ்சள் பை சுவரில் ஆணியில் தொங்கியது. அவிழ்க்கவில்லை. நாளைக்குப் போகத்தானே வேண்டும் என்று விட்டுவைத்தாள்.

அடுத்த வாரம் தென்காசிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து பர்வீன் டீச்சர் வந்தாள். ஏழு வருஷமாக வலையும் தோல்பையுமாக மலைக்கு ஏறி இறங்குகிறவள் என்பதால் ஊரில் அவளுக்கு மீன் டீச்சர் என்று பேர். சட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மலைமேல் உரல்சுனை என்று ஒரு சுனை, பெயருக்கேற்ப உரல் அகலம்தான் இருக்கும், உதிர்ந்த இலை ஊறி ஊறித் தேயிலைத் தண்ணீராகக் கிடக்கும். இந்த மீன் இருந்தது அதில் மட்டும்தான். போன ஐப்பசி மழையில் பாறை சரிந்து சுனை மூடிக்கொண்டது, அத்தோடு இந்த இனமே தீர்ந்துவிட்டது என்று டீச்சர் எழுதிக்கூட வைத்துவிட்டாள். இப்போது பீடியிலைத் தண்ணீரில் பதினொன்று. மற்ற பெண்களின் இலைச்சட்டியில் விட்டுப் பார்த்தாள், கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்த்தாள். எதில் விட்டாலும் உலகம்மை பக்கத்தில் இருந்தால் பிழைத்தன, விலகினால் சாய்ந்தன. சாய்ந்தால் ஒரு கட்டுப் பீடி சுற்றுகிற நேரம், கால்மணி போல, தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்பதையும் டீச்சர் கடிகாரம் வைத்துக் கண்டுபிடித்தாள்.

"ஒலகத்துலயே அந்த ஒரு சுனைதாம்மா அதுக்கு. அது மூடிப்போச்சு. இப்ப நீங்கதான் அதுக்குச் சுனை."

"சுனைக்கு வேலை வெட்டி கிடையாது, டீச்சர்," என்றாள் உலகம்மை. "தங்கச்சியும் கிடையாது."

ஏன் இவளைப் பிடித்துக்கொண்டன என்று ஊரில் ஒருவரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கைராசி என்றாள் ஆவுடை மதினி, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊருக்கு வேண்டியிருந்தது வேறு: எவ்வளவு தூரம்? பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவட்டங்களைத் தெருவில் வரிசையாக நிறுத்தினார். சட்டியருகே ஒருவன், வாசலில் ஒருவன், தெருமுனையில் ஒருவன், வளைவில் ஒருவன் என்று கூப்பிடு தூரத்துக்கு ஒருவனாக நிற்க, உலகம்மை ஒவ்வொரு அடியாக நடக்க, மீன் சாய்ந்த நொடியில் "சாஞ்சிட்டு" என்ற சொல் வாய் வாயாக ஓடிவந்து அவளை நிறுத்தியது. கிழக்கே கல்பாலத்தைத் தாண்டி முப்பதாவது அடியில் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். தெற்கே குளத்து மடையில் ஒரு கல், வடக்கே உடைமரத்தடியில் ஒரு கல், மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கல். கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். எங்கோ தொடங்கி எங்கோ முடிகிற ஊராக இருந்தது, அன்றைக்கு முதல் ஓர் அளவுக்குள் அடங்கியது.

அதற்குப் பிறகு கருத்தப்பேரி அந்த மீன்களை, மழையையும் வெயிலையும் எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டது. கல்யாணம் முடிந்த ஜோடி கோயிலுக்குப் போய்விட்டு நேரே உலகம்மை வீட்டுக்கு வந்து சட்டியில் முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மீன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள், அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்: உலகம்மை இருக்கிற பக்கம். அவள் அடுப்படிக்குப் போனால் பதினொன்றும் அடுப்படியைப் பார்க்கும், வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றினால் வாசலைப் பார்க்கும். பெண்கள் முறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வேளை சட்டிக்குக் காவல் இருந்தார்கள். பீடிக்கடைக்கு அவள் நடக்கவேண்டியதில்லை, இலையும் தூளும் வீட்டுக்கு வந்தன. ரேஷன் வந்தது. மோர் வந்தது. நாய் உருட்டிவிடக்கூடாதே என்று சட்டியின் காதில் சங்கிலி கோத்துத் தூணில் பூட்டினார்கள், சாவி அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பஸ் கண்டக்டர்கள் எல்லோரும் அவளைப் பார்த்ததும் சிரித்து, நலம் விசாரித்து, டிக்கெட் மட்டும் கொடுக்காமல் போனார்கள்.

இத்தனை பேர் இத்தனை அன்பாக இருக்கும்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதுதான் உலகம்மைக்குத் தெரியவில்லை. யாராவது ஒருவர் அவளை அதட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேனே அண்ணாச்சி, நானும் மீனும் சேர்ந்தே போய்விடுகிறோமே என்று ஒருநாள் கேட்டாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். மீன் ஊருக்கு வந்த மீன், நீ ஊருக்குப் பிறந்த பிள்ளை, இரண்டையும் எப்படியம்மா வெளியே விடுவது என்று அவளையே திருப்பிக் கேட்டார். இன்னொரு நாள் மத்தியானம், காவலுக்கு இருந்தவள் கண்ணயர்ந்த நேரத்தில், சட்டியை வாய்க்கால் பக்கம் சாய்க்க இரண்டு கையாலும் பிடித்தாள். பதினொன்றும் பேசாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. பயப்படக்கூட இல்லை. அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. சட்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் அழுதாள், எல்லா மீனும் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வடிவுக்கு ஏழு மாதம் ஆனது, எட்டு ஆனது. போனில் அவள் இப்போது அழுவதில்லை, வாரேன்னு சொன்னேல்லா என்று மட்டும் கேட்பாள். எட்டு முடிந்த அன்று உலகம்மை குளித்து, தலை முடிந்து, முறத்தோடு போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்தாள். ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். பீடித் தொழிலாளிக்குத் தெரிந்த போராட்டம் அதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் கூலிக்காகக் கடை வாசலில் நாற்பது நாள் உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. வீட்டில் மீன்கள் பாதி சாய்ந்தன. முழுக்கச் சாயவும் இல்லை, நிமிரவும் இல்லை. பஸ்கள் அவளுக்காக மண்ணில் இறங்கிச் சுற்றிப் போயின. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பாலத்தில் நின்றது.

"அவ உள்ள வரணும், இல்ல நான் வெளிய போகணும்," என்றாள் உலகம்மை, பீடியின் வாயை மடக்கிக்கொண்டே. "ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க அண்ணாச்சி. இந்தக் காலத் தூக்கி அங்க வைக்க எனக்கு ஒரு நொடி ஆகாது."

ஊர் யோசித்தது. மானமா மீனா என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் யோசித்தார்கள். கடைசியில் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைத்தாச்சியைத் தடுத்த பாவம் நமக்கெதற்கு, அவள் வரட்டும் என்றார். பிறகு சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

"அந்தப் பையன் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம்."

உலகம்மையை வெளியே விடாமல் இருக்கப் போட்ட கோடு, அன்று முதல் செல்வினை உள்ளே விடாமல் இருக்கவும் உதவியது. குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டியை அவன் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி அந்தப் பக்கம் நிறுத்தி, அதற்குள்ளேயே படுத்து, அதற்குள்ளேயே ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தான். வடிவு கோட்டைத் தாண்டி நடந்து வந்தாள். பார்க்க வந்த பெண்கள் முதலில் வாசலோடு நின்றார்கள், பிறகு வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினார்கள். பத்தே நாளில் ஊர் சுகாதார நிலையத்தில் பெண்குழந்தை பிறந்தது. வடிவு தினம் சாயங்காலம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள்; அவன் அந்தப் பக்கம் நின்று சிரிப்பான். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. யாரோ அவனுக்கு டீ கூட நீட்டினார்கள், கோட்டுக்கு மேலே கையை நீட்டி.

பிள்ளைக்குப் பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். உலகம்மை காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்தாள். சூடு அதிகம். விளாவப் பச்சைத் தண்ணீர் வேண்டும். பீடி சுற்றுகிற வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கிற தண்ணீர் இலைச்சட்டித் தண்ணீர்தான். அரிசி களைவதற்குத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் ஒரு செம்பு மோந்துகொள்வது அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம். திரும்பிப் பார்க்காமலே ஒரு செம்பு மோந்து விளாவி, பிள்ளையின் தலையில் ஊற்றினாள். பிள்ளை அழவில்லை, உதட்டில் வழிந்ததைச் சப்புக்கொட்டியது. வடிவுகூடச் சிரித்தாள்.

அடுத்த ஐந்து நாளும் பிள்ளை பெரும்பாலும் உலகம்மையின் மடியில்தான் கிடந்தது, மீன் யாரைப் பார்க்கிறது என்று எவரும் கவனிக்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம், செல்வினுக்குச் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு உலகம்மை கோட்டுக்குப் போனாள். அவன் வந்து வாங்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். வண்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அவள் நேரே போய் எட்டிப் பார்த்து, நெற்றியில் கைவைத்து, இப்படிக் கொதிக்கிறதே என்று ஏசி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் புகட்டி, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான், சுண்ணாம்புக் கோடு தனக்கு முன்னால் பதினைந்தடி தள்ளிக் கிடப்பதைப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடினாள்.

மீன்கள் நன்றாக இருந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை.

ஒரு மூச்சு நேரம் உலகம்மை சந்தோஷப்பட்டாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு எத்தனையோ வருஷமாக வந்ததில்லை. சுவரில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தாள். பிறகுதான் சட்டியைச் சரியாகக் கவனித்தாள். மீன்கள் அவளைப் பார்க்கவில்லை. வடிவு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் வலப்பக்கம் போனபோது பதினொன்றும் வலப்பக்கம் போயின. இடப்பக்கம் வந்தபோது பதினொன்றும் இடப்பக்கம் வந்தன. தொட்டில் நின்றது. அவையும் நின்றன.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆவுடை மதினி காவலுக்கு வந்துவிடுவாள். அவள் ஒரு தடவை சட்டியைப் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் இளவட்டங்கள் மறுபடி வரிசையாக நிற்பார்கள். உலகம்மை தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கி, பிள்ளையை எடு, கிளம்பு என்றாள். வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. உலகம்மை சட்டியைக் காட்டினாள். தொட்டிலை ஒருமுறை ஆட்டிக் காட்டினாள்.

"ஒம் பிள்ளையச் சுத்திக் கல்லு நட்டுருவாங்கட்டி. மோரு கொடுத்து, முத்தம் கொடுத்து, நட்டுருவாங்க."

வடிவு பிள்ளையைத் துணியில் சுற்றினாள். வாசல் தாண்டும்போது திரும்பி வந்து, ஆணியிலிருந்த மஞ்சள் பையை எடுத்து அக்காவின் தோளில் மாட்டினாள். ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். இருவரும் வெயிலில் நடந்து கோட்டை அடைந்தார்கள், உலகம்மை அதைத் தாண்டினாள், யாரும் எதுவும் கூவவில்லை. செல்வின் காய்ச்சலோடு எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். வடிவு பிள்ளையோடு ஏறி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். உலகம்மை பையை அந்த இடத்தில் வைத்தாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"ஏறுக்கா. மீனு ஒன்னத்தான் விட்டுட்டுல்லா."

விட்டுவிட்டதுதான். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. இந்நேரம் வீட்டில் பதினொன்றும் சாய்ந்திருக்கும், ஒரு கட்டுப் பீடி சுற்றுகிற நேரம் அப்படியே கிடக்கும், பிறகு முடிந்துவிடும். அத்தோடு அவளையும் எவரும் பிடித்துவைக்க முடியாது, பிள்ளையையும் பிடித்துவைக்க முடியாது. காலை எடுத்து உள்ளே வைத்தால் போதும். வடிவு திரும்பக் கூப்பிட்டபோது, காலைக் கீழே இறக்கினாள்.

"போக்கிடம் இல்லாமத்தான் அது எங்கிட்ட வந்துச்சு, வடிவு. ஒனக்குக் கதவச் சாத்துனவங்கள நான் ரெண்டு வருசமா ஏசிக்கிட்டு இருக்கேன். இப்ப நானும் சாத்தவா?"

செல்வினிடம், போ, நிற்காதே, திரும்பிப் பார்க்காதே என்றாள். வடிவின் கை அவள் சேலையைப் பிடித்திருந்தது; அந்தக் கையைப் பிரித்து எடுக்கத்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிறகு திரும்பி ஓடினாள்.

சட்டியில் மீன்கள் ஒருச்சாய்ந்து, உலர்ந்த இலைத்துண்டு மிதப்பது போல மிதந்தன. வாய் திறந்து மூடுவதுகூட நின்றிருந்தது. உலகம்மை தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டாள். இந்த ஆறு மாதமும் அவள் அவற்றிடம் போய்த் தொலையுங்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

"என்னயே புடிச்சுக்கிடுங்க," என்றாள். "அது பச்சப்பிள்ள. நான்தான் இருக்கேன்லா. என்னயே புடிச்சுக்கிடுங்க."

தூரத்தில் குட்டியானையின் சத்தம் தேய்ந்துகொண்டே போய், கேட்காமல் ஆனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் பக்கம் ஏதோ நிமிண்டியது. ஒன்று நிமிர்ந்தது. அதை இடித்துக்கொண்டு இன்னொன்று. ஒவ்வொன்றாக நிமிர்ந்து, தள்ளாடி, சுற்றி வந்து, அவளுக்கு நேரே தலையை வைத்தன. அவள் எண்ணினாள். பதினொன்று. நிம்மதியும் துக்கமும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு எது எதுவென்று தெரியவில்லை. கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவுடை மதினி உறக்கம் கலையாத முகத்தோடு வந்து முறத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், திருப்தியாக இருந்தது. தொட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து, தங்கச்சி கிளம்பிவிட்டாளா, சொல்லாமல்கூடப் போய்விட்டாளே என்று குறைப்பட்டாள். பிறகு அவள் கண் சுவருக்குப் போனது.

"ஏளா, இத்தன நாளா ஆணியில தொங்குச்சே, ஒன் பைய எங்க?"

உலகம்மை அடுத்த நாளுக்கான இலைக்கட்டை அவிழ்த்து, இலைகளை ஒவ்வொன்றாக மீன்களுக்கு மேலே தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது போயிட்டு, மதினி."